இலைப் பசுமையைக் காட்டும் அட்டைப் பெட்டி

தழைச்சத்து குறைந்தால் நெற்பயிர் வெளிறும். மிஞ்சினால் கருகருவென்று வளர்ந்து இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் வரவழைக்கும். பிள்ளைச்சாவடி போன்ற கடலோரப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் இட்ட யூரியா நீரோடு கீழிறங்கியும் வீணாகும். ஆகவே இலையைப் பார்த்து உரமிடுவதே சிக்கனம்.

பச்சையம் சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. இதைக் கண்ணால் காண நிறமாலைப் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். சுமார் 30 செ.மீ. நீளமுள்ள செருப்புப் பெட்டியின் குறுகிய பக்கத்தில், ஓரமாக, செங்குத்தாக ஒரு திறப்பு வெட்டி, அதன்மேல் இரண்டு சவர பிளேடுகளை அரை மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டவும். எதிர்ப்பக்கத்தில், பிளவுக்கு நேரே கண் துளை இடவும். பழைய சி.டி.யின் மேற்பூச்சைக் கீறி, ஒட்டு நாடாவால் உரித்தால் தெளிந்த வட்டு கிடைக்கும். அதில் மி.மீ.க்கு 625 வரிகள் உள்ளன. அதன் ஓரத்துத் துண்டு ஒன்றை, வரிகள் பிளவுக்கு இணையாக இருக்குமாறு துளையில் ஒட்டவும். மற்ற இடுக்குகளைக் கறுப்புத் தாளால் அடைக்கவும்.

வெண்மேகத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே பக்கவாட்டில் வானவில் தெரியும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பிளவின் மேல்பாதியில் ஓர் இலையையும் கீழ்ப்பாதியில் மற்றொன்றையும் வைத்துப் பாருங்கள். எதில் சிவப்பு அதிகம் கசிகிறதோ அதில் பச்சையம் குறைவு. ஆனால் துத்தநாகக் குறைவாலும் இலை வெளிறும். அதைப் பெட்டி பிரித்துச் சொல்லாது.

உரமிடும் முடிவுக்கு இலை வண்ண அட்டையே கைகொடுக்கும். நடவு செய்த 14ஆம் நாள் முதல் பூக்கும் வரை, வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், 10 செடிகளில் முழுதும் விரிந்த மேல் இலையை உங்கள் உடல் நிழலில் அட்டையோடு ஒப்பிடவும். ஆறு இலைகளாவது 4ஆம் எண்ணுக்குக் குறைந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு 3) குறுவையில் எக்டருக்கு 35 கிலோ தழைச்சத்து, அதாவது 76 கிலோ யூரியா இடவும். சம்பாவுக்கு 65 கிலோ யூரியா போதும்.