முக்கொம்புக்குக் கிளம்பறியா? முதல்ல மேட்டூரைப் பாரு

சென்னைக்காரிக்கு லீவுன்னா பீச். எங்க திருச்சிக்குக் கடல் கிடையாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காத்து வாங்கணும்னா இங்க எல்லாரும் வண்டியைக் கரூர் ரோட்டுக்குத்தான் திருப்புவாங்க. பதினெட்டு கிலோமீட்டர்ல முக்கொம்பு வந்துடும். பொங்கல் லீவுக்குப் பசங்களையும் உன் மாமியாரையும் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னியே, அதான் இப்பவே எழுதி அனுப்பறேன். போன்ல சொன்னா பாதி காதுல வாங்க மாட்ட.

முதல் வேலை, பேப்பர்ல மேட்டூர் அணை நிலவரம் பாக்கறது. நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்புன்னு தினமும் போடுவாங்க. முழு அளவு 120 அடி. விவசாயிக்கு முதல் எண் முக்கியம், நமக்குக் கடைசி எண். அங்க திறந்து விட்டாத்தான் இங்க ஆறுன்னு ஒண்ணு இருக்கும். வழக்கமா ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல மூடுவாங்க. மழை பொய்ச்ச வருஷம் தள்ளிப் போகும். பொங்கல் சமயம் அனேகமா தண்ணி ஓடும், நீ தப்பிச்ச. பிப்ரவரிக்கு மேல, மே மாச லீவுல வர்றவங்களைப் பாத்தாத்தான் பாவமா இருக்கும். மணலைப் பாத்துட்டுத் திரும்பிப் போவாங்க.

பூங்காவுல ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் இருக்கு. வாசல்ல டிக்கெட் வாங்கிட்டு உள்ள போகணும். ஆனா அது எந்த ஊர்லயும் இருக்கறதுதான். முக்கொம்புல பாக்க வேண்டியது பாலத்து மேல இருக்கு. மேக்கேர்ந்து வர்ற காவிரி இங்கதான் ரெண்டாப் பிரியுது. தெக்க போறது காவிரி, வடக்க போறது கொள்ளிடம், நடுவுல மாட்டிக்கிட்டது ஸ்ரீரங்கம். கொள்ளிடம் தாழ்வா இருக்கும், காவிரி மேடு. சும்மா விட்டா தண்ணி பூரா கொள்ளிடத்துல வழிஞ்சு கடலுக்குப் போயிடும், தஞ்சாவூர் வயல் காயும். 1836-38ல ஆர்தர் காட்டன் இங்க மேலணையைக் கட்டினது அதைத் தடுக்கத்தான்.

பசங்களை நிக்க வெச்சு ரெண்டு ஆத்தையும் மாத்தி மாத்திப் பாக்கச் சொல்லு. காவிரிப் பக்கம் மதகைத் தூக்கி விட்டிருப்பாங்க. அடியில தண்ணி பழுப்பா பீறிட்டு வந்து, நுரை கட்டி, கொஞ்ச தூரம் போனதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி அடங்கிடும். கொள்ளிடம் பக்கம் பெரும்பாலும் மதகு மூடியிருக்கும். கீழ மணல், நாணல், அங்கங்க குட்டை, குட்டையில கொக்கு. வெள்ளம் வந்தாத்தான் அதைத் திறப்பாங்க. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அப்படித் திறந்து விட்ட சமயத்துலதான் கொள்ளிடத்து 45 மதகுல ஒன்பது அடிச்சுட்டுப் போச்சு. நூத்தியெண்பது வருஷம் தாங்கின கட்டடம். அதுக்கப்புறம் 387 கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணிப் புதுக் கதவணை கட்டினாங்க. உன் பெரியவன் எதையும் 'ஏன், எப்படி'ன்னு கேக்கறவன்தானே, அவனுக்கு இந்தக் கதையே போதும்.

இப்ப நான் கண்டிப்பா சொல்றதைக் கேளு. தண்ணியில யாரும் இறங்கக் கூடாது. முட்டி அளவுதானேன்னு மாப்பிள்ளை சொல்லுவார். அவர் நீச்சல் தெரிஞ்சவர்ங்கறது இங்க செல்லாது. மதகு கிட்ட மேல அமைதியா தெரியற இடத்துலதான் அடியில சுழல் இழுக்கும். கொஞ்சம் தள்ளிப் போனா மணல் அள்ளின பள்ளம். ஒரு அடி வெச்சா முட்டி, அடுத்த அடி வெச்சா ஆள் மட்டம். மேல திறந்து விடற தண்ணி எப்ப கூடும்னு கரையில நிக்கறவங்களுக்குத் தெரியாது. காவிரி, கொள்ளிடத்துல முதலை தெரிஞ்சதாவும் பேப்பர்ல வந்திருக்கு. இங்க ஆத்துல போன பிள்ளைங்க செய்தியை வருஷா வருஷம் படிக்கறோம், பாதிப் பேர் வெளியூர்க்காரங்க. குளிச்சே ஆகணும்னா வீட்டுல பக்கெட் இருக்கு. காவிரி ஸ்நானம் வேணும்னு உன் மாமியார் கேட்டா ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிட்டுப் போய், முதல் படியில உக்கார வெச்சு, சொம்புல மொண்டு ஊத்து. அதே புண்ணியம்தான்.

சாப்பாடு கையில எடுத்துக்கறது நல்லது. மரத்தடியில உக்காந்து பிரிச்சு சாப்பிடறதுக்குத்தான் பாதிக் கூட்டம் வருது. புளியோதரை ராத்திரியே கிளறி வெச்சுடு, ஊறினாத்தான் ருசி. தயிர்சாதத்துல பாலை ஜாஸ்தி விட்டு, தயிரைக் குறைச்சுப் பிசை. சாயங்காலம் வரைக்கும் புளிக்காது. மோர்மிளகாயைத் தனி டப்பாவுல வை, சாதத்தோட வெச்சா நமுத்துடும். அங்க கடையில ஆத்து மீன் வறுவல் வாசனை மூக்கைத் துளைக்கும். உன் வீட்டுக்காரங்களுக்கு ஆகாதுன்னா காத்துக்கு எதிர்ப்பக்கமா இடம் பிடி. எண்ணெய் கருத்திருந்தா யாரும் வாங்க வேண்டாம்.

நேரம் சாயங்காலம் மூணரைக்கு மேல. மத்தியானம் போய் அந்தப் பாலத்து வெயில்ல நிக்காதே. அதே கரூர் ரோட்டுல திருப்பராய்த்துறை இருக்கு, பாடல் பெற்ற தலம். மாமியாருக்கு அங்க ஒரு தரிசனம் பண்ணி வெச்சுட்டா அப்புறம் நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் முகம் சுளிக்க மாட்டாங்க. வழியெல்லாம் வாழைத்தோப்பு, பூவன் பழம் பாத்தா ஒரு சீப்பு வாங்கிக்கோ. காணும் பொங்கலன்னிக்கு மட்டும் முக்கொம்பு வேண்டாம். ஊரே அங்க இருக்கும், பிள்ளையைத் தேடறதே வேலையாயிடும்.

வர்றதுக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்தான் சரி. ஜங்ஷன் வரைக்கும் போகாம ஸ்ரீரங்கத்துலயே இறங்கிடு, விடிகாலையில வீட்டுக்கு வந்துடலாம். பஸ்ல வந்தா இப்ப சென்னை வண்டியெல்லாம் பஞ்சப்பூர்ல நிக்குது. மூட்டை முடிச்சோட அங்கேர்ந்து டவுன் பஸ் ஏறி வர்றதுக்குள்ள உனக்குத் தலைவலி வந்துடும். முக்கொம்புக்கு டவுன் பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கிடைக்கும். ஆனா திரும்பி வர்றப்ப இருட்டிட்டா கூட்டம் தாங்காது. ஆறு பேருக்கு வண்டி பேசிக்கறதே மேல்.

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குக் காலையில போயிடு. நடை சாத்தற நேரத்தை முதல் நாளே விசாரிச்சு வெச்சுக்கோ. கல்லு சுடும், எல்லாருக்கும் சாக்ஸ் எடுத்துக்கோ. 236 அடி ராஜகோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பாத்துட்டு ரொம்பப் பழசுன்னு நினைப்பாங்க; மேல் நிலைகளைக் கட்டி முடிச்சது 1987-லதான். உள்ள கூட்டத்தோட கூட்டமா க்யூவுக்கு ஓடாதே. ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிர்ல சேஷராயர் மண்டபத்துல ஒரு அரை மணி நேரம் இரு. முன்வரிசைத் தூண் ஒவ்வொண்ணும் பாயற குதிரை. முன்னங்காலைத் தூக்கி நிக்குது, மேல உக்காந்தவன் ஈட்டியைக் கீழ இருக்கற மிருகத்து மேல இறக்கறான், அடியில காலாள். அத்தனையும் ஒரே கல்லுல. சின்னவளைக் குதிரையோட கழுத்து மணியைத் தேடச் சொல்லு, சத்தம் போடாம இருப்பா. தரிசனத்துக்கு நேரமானாலும் இதை விடாதே.

திருவானைக்காவலை வேற ஒரு நாள் வெச்சுக்கோ. அங்க உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் அகிலாண்டேஸ்வரியோட புடவை கட்டி, கிரீடம் வெச்சு, ஜம்புகேஸ்வரர் சன்னதிக்கு வந்து பூஜை பண்ணுவார். பதினொன்றரைக்கெல்லாம் உள்ள இருந்தா நல்லா பாக்கலாம். அன்னிக்கே பார்த்தசாரதி விலாஸ்ல நெய் ரோஸ்ட். உக்கார இடம் கிடைக்கக் காத்திருக்கணும், காத்திருக்கலாம்.

மீதியெல்லாம் பசங்க மூடைப் பொறுத்தது. மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் காலை வெயில் ஏறினப்புறம் போ, பூச்சிங்க அப்பத்தான் பறக்கும். செவ்வாய்க்கிழமை லீவு. மத்தியானத்துக்குப் புதுக்கோட்டை ரோட்டுல அண்ணா கோளரங்கம், இருட்டுல உக்காந்து நட்சத்திரம் பாத்தா வெயில் மறந்துடும். ரயில் பைத்தியம் இருந்தா ரயில்வே மியூசியம். மலைக்கோட்டைக்குச் சாயங்காலம், படி நானூறுக்கு மேல, மாமியாரைக் கீழ மாணிக்க விநாயகர் சன்னதியிலயே விட்டுடு. இறங்கி வந்து மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் ஐஸ்கிரீம்.

கல்லணையையும் முக்கொம்பையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு மாப்பிள்ளை மேப்பைக் காட்டுவார். ஒத்துக்காதே. ஒண்ணு ஊருக்கு மேக்க, ஒண்ணு கிழக்க. ரெண்டுக்கும் நடுவுல டவுன் டிராஃபிக். நாலு நாள் இருந்தாத்தான் கல்லணை, மூணு நாள்னா முக்கொம்போட நிறுத்திக்கோ.

டிக்கெட் புக் பண்ணிட்டு தேதியைச் சொல்லு. பொங்கல் கூட்டத்துக்கு லோயர் பெர்த் சீக்கிரம் போயிடும், மாமியாருக்கு முதல்ல பாரு.