கொட்டில் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

பட்டிப்பொலயில் மாடு வளர்க்கும் நாம், காலையில் கொட்டிலைக் கழுவிவிடுகிறோம். அந்தத் தண்ணீர் கான் வழியே சரிவில் இறங்கி, கீழ் லயத்துப் பீலிக்கே போய்ச் சேரலாம்.

அந்தத் தண்ணீரைக் குடித்தால் வயிற்றோட்டம் வரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் சாணி, மூத்திரத்திலிருந்து மண்ணில் உண்டாகி நீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. அது கூடிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து.

இதே கழிவு பாத்திக்குப் போனால் உரம். மாட்டுக் கழிவிலுள்ள நைதரசனில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது உரத்தின் அருமை நமக்கு நன்றாக விளங்கியதே!

நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் சாணியை வழித்து அள்ளுவோம். பிறகு கொஞ்சத் தண்ணீரில் கழுவுவோம்.

2. மூத்திரமும் கழுவிய தண்ணீரும் கானுக்குப் போகாமல், காய்ந்த புல் போட்ட குழியில் சேரட்டும்.

3. குழியும் குவியலும் பீலி, ஓடையை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கட்டும். மழை கரைக்காதபடி தகரம் போட்டு மூடுவோம்.

4. பெருமழைக்கு முன் உரம் போடவேண்டாம். கரட், லீக்ஸ் பாத்திக்கு மக்கிய சாணியே நல்லது.

கீழ் லயத்துப் பிள்ளையும் நம்ம பிள்ளைதானே!