பிரேக்கில் ஏர் எடுக்கும்போது

முன் பிரேக் லீவர் வழக்கத்தைவிட ஆழமாக அமுங்கினால், பலரும் முதலில் ஆயில் கப்பைத் திறந்து கொஞ்சம் பிரேக் ஆயிலை ஊற்றுவார்கள். அதனால் பலன் இல்லை. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஹோஸுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால், விரலின் அழுத்தமெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். பேடுக்குப் போய்ச் சேராது. கப்பில் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் முதலில் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய மட்டம் தானாக இறங்கும்.

என் வண்டிக்கு வீட்டு வாசலில் நானேதான் ஏர் எடுக்கிறேன். காலிப்பரில் உள்ள ஏர் நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (என் வண்டிக்கு 8 மி.மீ.), மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி டியூப், பழைய பாட்டில், சீல் உடைக்காத டாட் 4 ஆயில் இருந்தால் போதும். டேங்க்மேல் ஈரத் துணியைப் போட்டுவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

நான் கீழே உட்கார்ந்து ஸ்பேனரைப் பிடிக்க, மகள் லீவரைப் பிடிப்பாள். லீவரை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் ஆயில் டியூபுக்குள் பாயும், லீவர் கைப்பிடி வரை இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் விரலை எடுக்கலாம். “மூடியாச்சும்மா, விடு” என்று நான் சொல்லும்வரை அவள் விடமாட்டாள். திறந்திருக்கும்போதே லீவரை விட்டால், திரும்பும் பிஸ்டன் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவசரமாகப் பம்ப் அடிப்பதும் கெடுதல்தான். பெரிய குமிழ் நுரையாக உடைந்துவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. டியூபில் முதலில் டீ நிறத்தில் பழைய ஆயில் வரும், இடையிடையே குமிழ்கள் ஓடும், பிறகு தெளிந்த ஆயில் வரும். கப்பில் மட்டம் ‘லோயர்’ கோட்டுக்குக் கீழே போக விடவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் லீவர் லேசாக அமுங்கினால், மிச்சக் காற்று பெரும்பாலும் மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட் அருகில் இருக்கும். நாம் ஆயிலைக் கீழே தள்ளுகிறோம், காற்றோ மேலே ஏறப் பார்க்கிறது. ஹேண்டிலைத் திருப்பி அந்த போல்ட்டைவிடக் கப் உயரமாக இருக்கும்படி வையுங்கள். ஹோஸைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே லீவரை நூலிழை அளவு அசைத்தால், கப்புக்குள் ஊசிமுனைக் குமிழ்கள் வருவது கண்ணுக்குத் தெரியும். அதற்கும் மசியாவிட்டால் லீவரைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவேன். பெரும்பாலும் காலையில் சரியாகிவிடும்.

ஏர் எடுக்கும்போதே ஆயிலையும் முழுதாக மாற்றிவிடுங்கள். டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தக் குறைந்தபட்ச அளவு வெறும் 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கிய நண்பர் ஒருவருக்கு, பாதியில் லீவர் வெறுமனே அமுங்கிவிட்டது. வருடக்கணக்கில் மாற்றாத ஆயில் காலிப்பர் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டது. கியரைக் குறைத்து, பின் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். வண்டி ஆறியதும் லீவர் பழையபடி இறுகியது! அதை நம்பித் தொடர்ந்து ஓட்டியிருந்தால் அடுத்த இறக்கத்தில் மறுபடி போயிருக்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். திறந்து வைத்த பழைய பாட்டில் உதவாது. டாட் 5 சிலிக்கான் ஆயில், இதோடு கலக்கவே கூடாது.

ஏபிஎஸ் வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் மாடுலேட்டருக்குள் காற்று புகுந்தால் சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

வேலை முடிந்ததும் லீவரை இறுக்கிப் பிடித்து, நிப்பிளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வாசலிலேயே நடை வேகத்தில் உருட்டி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்த பிறகே வண்டியை ரோட்டுக்கு எடுங்கள்.