தொலைபேசி வீடியோ திரும்பி வந்தால் என்ன செய்வது?



இப்பொழுது நமது லயங்களில் கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடு குறைவு. மலையில் கொழுந்து எடுப்பதையும், விடியற்காலைப் பனியையும், மடுவத்தில் கொழுந்து நிறுப்பதையும் பிள்ளைகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் சில மிக நன்றாகவே இருக்கின்றன. "இத விக்க முடியுமா சேர்?" என்று இளைஞர் யுவதிகள் பலர் எங்களிடம் கேட்கிறார்கள். முடியும். ஆனால் அனுப்பிப் பார்த்தவர்களில் பலருக்கு, "இந்த வகை வீடியோ ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. உடனே "நம்ம போன் சரியில்ல, நமக்கெல்லாம் இது வராது" என்று சொல்லி, எடுத்த வீடியோவையும் அழித்து விடுகிறார்கள்.

தயவுசெய்து அழிக்க வேண்டாம். வகை சரியில்லை என்று திரும்பி வந்தால், படம் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. படம் பொதி செய்யப்பட்ட விதம்தான் அவர்களுக்குச் சரிவரவில்லை. முதலில் எடுத்த வீடியோ கையில் இருந்தால் அதைச் சரியாகப் பொதி செய்து மறுபடியும் அனுப்பலாம். அது அழிந்து போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பாடத்தை வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

யார் வாங்குகிறார்கள்?

விளம்பரம் செய்பவர்கள், செய்திப்படம் தயாரிப்பவர்கள், பாடசாலைப் பாடங்களுக்குப் படம் செய்பவர்கள் ஆகியோர் ஒவ்வொரு காட்சிக்கும் நேரில் போய்ப் படம் எடுப்பதில்லை. ஆயத்தமாக இருக்கும் சிறு வீடியோத் துண்டுகளை விலைக்கு வாங்குகிறார்கள். அவ்வாறு துண்டுகளைச் சேர்த்து வைத்து விற்கும் இணையத்தளங்களை ஸ்டொக் தளங்கள் என்கிறார்கள். ஷட்டர்ஸ்டொக் 2003ஆம் ஆண்டிலும், அடோபி ஸ்டொக் 2015ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. இவற்றில் சேர்வதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். "முன்பணம் கட்டு, சேர்த்து விடுகிறோம்" என்று யாராவது கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பெட்டியும் உள்ளே இருக்கும் தூளும்

இது நமக்கு நன்றாகப் புரிகிற விஷயம்தான். ஸ்டோரில் அரைத்த தூளை அந்தக் காலத்தில் பலகைப் பெட்டியில் அடைத்தார்கள். இப்போது காகிதச் சாக்கில் அடைக்கிறார்கள். பெட்டி வேறு, உள்ளே இருக்கும் தூள் வேறு. ஒரே மாதிரியான சாக்கில் பீ.ஓ.பீ.யும் இருக்கலாம், டஸ்ட்டும் இருக்கலாம்.

வீடியோவும் அப்படித்தான். பெயரின் கடைசியில் எம்.பி.4 என்றோ எம்.ஓ.வி. என்றோ இருப்பது வெளிச்சாக்கு. உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைக்குக் கொடெக் என்று பெயர். அவற்றில் இரண்டை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று 2003இல் வந்த எச்.264. இதை ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் எல்லாத் தளங்களும் ஏற்கும். மற்றது 2013இல் வந்த எச்.265. இதற்கு எச்.ஈ.வி.சி. என்றும் பெயர். அதே படத்தைக் குறைந்த இடத்தில் வைப்பதால் புதிய போன்கள் இதையே விரும்புகின்றன. ஐபோன்கள் 2017இலிருந்து இதற்கு மாறின. ஆனால் எல்லாத் தளங்களும் இதை எடுப்பதில்லை.

ஒரு பிள்ளை எங்களிடம் வந்து, "சேர், எம்.ஓ.வி.ங்கிற பேர எம்.பி.4-ன்னு மாத்திட்டேன், அப்பவும் எடுக்க மாட்டேங்குது" என்றது. டஸ்ட் நிரம்பிய சாக்கின் மேல் பீ.ஓ.பீ. என்று எழுதினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? மாதிரி எடுத்துப் பார்ப்பவர் கண்டுபிடித்து விடுவார். பெயரை மாற்றினால் வகை மாறாது. உள்ளே இருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

திரும்பி வருவதற்கு முக்கிய காரணங்கள்

1. உள்ளே எச்.265 இருப்பது.

2. படங்களின் எண்ணிக்கை ஒரே சீராக இல்லாதது. வீடியோ என்பது ஒரு வினாடிக்கு 25 அல்லது 30 படங்கள் வேகமாக ஓடுவதுதான். வெளிச்சம் குறைந்தாலோ போனுக்கு வேலை கூடினாலோ, போன் தானாகவே இந்த எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும். நாம் பார்க்கும்போது தெரியாது. வாங்குபவர் அதை வெட்டி ஒட்டும்போது படம் தடங்கித் தடங்கி ஓடும்.

3. எச்.டி.ஆர். என்ற நிற முறை. போனில் பளிச்சென்று தெரியும் பச்சை, வேறு கணினியில் வெளுத்துப் போய்த் தெரியும். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் இது தானாகவே திறந்திருக்கும்.

4. நீளம். ஷட்டர்ஸ்டொக்கும் அடோபி ஸ்டொக்கும் 5 வினாடிக்குக் குறையாமலும் 60 வினாடிக்கு மேற்படாமலும் கேட்கின்றன. மூன்று நிமிட வீடியோவை அப்படியே அனுப்பினால் எடுக்க மாட்டார்கள். நல்ல பகுதியைப் பார்த்து 10 முதல் 20 வினாடிக்கு வெட்டுங்கள்.

5. படத்தின் அளவு. 1920 க்கு 1080 என்ற அளவிலாவது எடுங்கள். 4கே என்பது 3840 க்கு 2160. சிறிதாக எடுத்ததைப் பின்னர் இழுத்துப் பெரிதாக்கி அனுப்ப வேண்டாம். படம் மங்கிவிடும்.

எடுப்பதற்கு முன்னர் போனில் செய்ய வேண்டியவை

பிறகு திருத்துவதைவிட முன்னரே சரியாக எடுப்பது லேசு. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் கெமரா, அதற்குள் ஃபோர்மட்ஸ் என்ற இடத்துக்குப் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'ரெக்கோர்ட் வீடியோ' என்ற இடத்தில் எச்.டி.ஆரை நிறுத்துங்கள். இதை நிறுத்தாவிட்டால் முதலாவதைச் செய்தும் பலனில்லை. 4கே அளவில் வினாடிக்கு 60 படம் என்று வைத்தாலும் ஐபோன் எச்.265இலேயே பதியும். ஆகவே 30 அல்லது 25 போதும்.

சாம்சுங் போன்ற அன்ட்ரொய்ட் போன்களில் கெமராவைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் 'ஹை எஃபிஷியன்சி வீடியோ' என்றோ எச்.ஈ.வி.சி. என்றோ இருப்பதைத் தேடி நிறுத்துங்கள். எச்.டி.ஆர். 10 பிளஸ் என்று இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இப்படிச் செய்தால் வீடியோ அதிக இடம் பிடிக்கும். ஐபோனில் 1080 அளவில் ஒரு நிமிடம் எடுத்தால் எச்.265 முறையில் சுமார் 60 எம்.பி.யும், எச்.264 முறையில் சுமார் 130 எம்.பி.யும் ஆகும். அதாவது 20 வினாடித் துண்டுக்கு ஏறக்குறைய 45 எம்.பி. டேட்டா செலவாகும். ரீலோட் போடுகிற காசும் வீட்டுக் காசுதானே! ஒரு துண்டை அனுப்பிப் பார்த்து, அது ஏற்கப்பட்ட பின்னர் மற்றவற்றை அனுப்புங்கள்.

ஸ்டோருக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது படத்தில் கோடு கோடாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நமது நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் அந்த விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுங்கும். 25 படம் அதற்கு ஒத்துப்போகும், 30 ஒத்துப்போகாது. போனில் 25 என்று வைக்க இடம் இருந்தால் ஸ்டோருக்குள் அதையே வையுங்கள்.

ஏற்கனவே எடுத்த வீடியோவை மாற்றும் முறை

இதற்கு ஒரு கணினி வேண்டும். டவுனில் உள்ள கொமினிகேஷன் கடையிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இருக்கலாம். வீடியோவைப் போனிலிருந்து கேபிள் மூலம் கணினிக்கு எடுங்கள்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, டூல்ஸ் என்பதற்குள் 'கொடெக் இன்ஃபர்மேஷன்' என்பதை அழுத்தினால் எச்.264 அல்லது எச்.265 என்று காட்டும். பார்க்காமல் மாற்றத் தொடங்க வேண்டாம்.

பிறகு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். இதுவும் இலவசம்.

முதலாவது, வீடியோவை அதில் திறந்து ஃபோர்மட் என்ற இடத்தில் எம்.பி.4 என்று வையுங்கள்.

இரண்டாவது, டைமென்ஷன்ஸ் பகுதியில் அளவு மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 4கே வீடியோவை 1080 ஆக அது குறைத்திருக்கக்கூடும். ஓரத்தை வெட்டும் 'குரொப்பிங்' என்பதை 'நன்' என்று வையுங்கள்.

மூன்றாவது, வீடியோ பகுதியில் என்கோடர் எச்.264 என்றிருக்க வேண்டும். ஃபிரேம்ரேட்டில் நீங்கள் எடுத்த 25 அல்லது 30ஐத் தெரிவு செய்து, அதன் கீழே 'கொன்ஸ்டன்ட்' என்பதை அழுத்துங்கள். மேலே சொன்ன இரண்டாம் காரணத்துக்கு இதுதான் மருந்து.

நான்காவது, தரத்தைக் குறிக்கும் ஆர்.எஃப். எண். இது தலைகீழ்க் கணக்கு. எண் குறையக் குறையத் தரம் கூடும். 16 முதல் 18 வரை வைத்தால் நல்லது.

ஐந்தாவது, சத்தம் தேவையில்லை என்றால் ஓடியோ பகுதியில் அதை நீக்கி விடுங்கள். பின்னால் வானொலியில் சினிமாப் பாட்டு ஓடியிருந்தால் கட்டாயம் நீக்க வேண்டும். பாட்டுக்கு உரிமையாளர் வேறு ஆள்.

மாற்றியதை வேறு பெயரில் சேமியுங்கள். முதல் வீடியோ அப்படியே இருக்கட்டும். மறுபடி மாற்ற வேண்டி வந்தால் மாற்றியதை மாற்றாமல் முதல் வீடியோவிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் படம் கொஞ்சம் தேயும்.

போனிலேயே மாற்றும் செயலிகளும் உண்டு. ஆனால் இலவசமானவை சில, படத்தின் மூலையில் தங்கள் பெயரைப் பதித்து விடும். பெயர் பதிந்த வீடியோவைத் தளங்கள் எடுக்காது.

வட்ஸ்அப் வழியாக அனுப்பலாமா?

இதுதான் நமது ஆட்களிடம் அதிகம் நடக்கும் தவறு. அக்கா எடுத்த வீடியோவைத் தம்பி வட்ஸ்அப்பில் வாங்கி, அதைத் தளத்துக்கு அனுப்புகிறான். வட்ஸ்அப் சாதாரணமாக வீடியோவை மிகவும் சுருக்கித்தான் அனுப்பும். சுருங்கியதை எந்த மென்பொருளாலும் பழையபடி விரிக்க இயலாது. தூளாகிய பின் கொழுந்தாக்க முடியுமா? கட்டாயம் வட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமானால், 'டொகுமென்ட்' என்ற வழியில் வைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது.

வகை சரியாக இருந்தும் திரும்பி வந்தால்

அப்போது பெரும்பாலும் அனுமதிக் கடிதம்தான் காரணம். முகம் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரும், தம்மைப் படமெடுத்து விற்பதற்குச் சம்மதம் என்று எழுத்தில் கையெழுத்திட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தைத் தளமே தருகிறது.

இதை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். கூடையோடு நிற்கும் நமது தாய்மாரை எத்தனையோ பேர் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் படம் எங்கே போகிறது என்று அவர்களிடம் சொன்னவர்கள் குறைவு. நமது பிள்ளைகளும் அதையே செய்யக்கூடாது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் அம்மாவுக்குத் தமிழில் சொல்லி, "இத யாரு வேணும்னாலும் வாங்கி விளம்பரத்துல போடலாம், சம்மதமா?" என்று கேட்டு, விளங்கிய பின்னரே கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கை மட்டும், கூடை மட்டும், பனி மூடிய மலை மட்டும் தெரியும்படி எடுக்கலாம். ஸ்டோருக்குள் எடுப்பதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும். சாக்கில் உள்ள கம்பனிப் பெயர் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமானம் பற்றி

உள்ளதைச் சொல்ல வேண்டும். இது மாதச் சம்பளம் அல்ல. அடோபி ஸ்டொக்கில் ஒரு வீடியோ விற்றால் விற்ற தொகையில் 35 சதவீதம் நமக்கு வரும். 25 டொலர் சேரும் வரை அதை எடுக்க முடியாது. ஒரு துண்டு மாதக்கணக்கில் விற்காமலும் கிடக்கலாம். இதை நம்பி யாரும் பேரை விட வேண்டாம், படிப்பை நிறுத்த வேண்டாம். ஓய்வு நேரத்தில் பழகும் ஒரு கைத்தொழிலாக வைத்துக்கொள்ளுங்கள். சேருவதற்கு முன்னர், அந்தத் தளத்தின் பணம் நமது நாட்டுக்கு எந்த வழியில் வரும் என்பதை வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தளங்கள் விதிகளை அவ்வப்போது மாற்றுவதால், அனுப்புகிற அன்றைக்கு ஒரு தடவை விதிப் பக்கத்தையும் பாருங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. உங்கள் போனில் வீடியோ எந்த வகையில் பதிகிறது என்று தேடிப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.

2. வீட்டு வாசலில் இருந்து ஏதாவது ஒரு காட்சியை 15 வினாடி, கை ஆடாமல் எடுங்கள்.

3. அதையே ஒருவருக்கு வட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு தடவையும், டொகுமென்டாக ஒரு தடவையும் அனுப்புங்கள். இரண்டும் எத்தனை எம்.பி. என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசத்தைக் கண்ணால் காண்பீர்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் வேலை முடிந்து வரும்போது போனை நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். திரும்பி வந்த வீடியோ இருந்தால் அதையும் அழிக்காமல் கொண்டு வாருங்கள்.