கழுத்தில் ஒரு துணி

சுதந்திர தின அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். சில பிள்ளைகள் கழுத்தில் முக்கோணத் துணி கட்டி வருவார்கள். ஆண் பிள்ளைகள் சாரணர்கள். பெண் பிள்ளைகள் சாரணியர். ஸ்கவுட், கைடு என்றும் சொல்வார்கள்.

அந்தத் துணியின் பெயர் ஸ்கார்ஃப். அது அழகுக்காக மட்டும் அல்ல. கை ஒடிந்தால் கையைத் தாங்க அதுவே தூளி. தலையில் அடிபட்டால் அதுவே கட்டு.

நானும் பெங்களூரில் ஸ்கார்ஃப் கட்டித் திரிந்தவன்தான். எங்கள் வீடு ஸ்ரீராமபுரத்தில் இருந்தது. அப்பாவுக்கு மில் வேலை. எங்கள் படையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகள் எல்லோரும் இருந்தோம்.

ஒரு காலத்தில் எங்களைப் போன்ற பிள்ளைகள் இதில் சேர முடியாது. ஏன் தெரியுமா?

சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் பேடன் பவல். இங்கிலாந்து ராணுவ அதிகாரி. 1907-ல் பிரவுன்சி என்ற தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து முகாம் நடத்தினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தே தங்கினார்கள்.

1909-ல் இயக்கம் இந்தியாவுக்கு வந்தது. முதலில் வந்த ஊர் எது? நம் பெங்களூர்தான். கேப்டன் பேக்கர் என்பவர் பிஷப் காட்டன் பள்ளியில் படையைத் தொடங்கினார். ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே அதில் இடம். மற்ற இந்தியப் பிள்ளைகள் பயிற்சி பெற்றால் நாளைக்கு ஆட்சியை எதிர்ப்பார்கள் என்று அரசு பயந்தது. சின்னப் பையன்களைக் கண்டு அவ்வளவு பயம்!

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்குத் தனிச் சங்கம் தொடங்கினார். அருண்டேல் துணை நின்றார். அலகாபாத்தில் மாளவியாவும் குன்ஸ்ருவும் வேறொரு சங்கம் நடத்தினார்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். அதன் பிறகு கதவு திறந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் ஆயின. 1951-ல் சாரணியரும் சேர்ந்தார்கள்.

இந்த இயக்கத்தில் பிள்ளைகள் படிப்படியாக ஏற வேண்டும். முதலில் பிரவேஷ். பிறகு மூன்று சோபான்கள். சோபான் என்றால் படி. அடுத்தது ஆளுநர் கையெழுத்திடும் ராஜ்ய புரஸ்கார். எல்லாவற்றுக்கும் மேலே ராஷ்டிரபதி விருது. அதில் குடியரசுத் தலைவரின் கையெழுத்து இருக்கும்.

இதற்குச் சில ஆண்டுகள் ஆகும். முதலுதவி, சமையல், திசை அறிதல், கூடாரம் போடுதல் எல்லாம் தெரிய வேண்டும். செய்ததை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள்தான் அதிகம். சீருடைக்குப் பணம் இருக்காது. பத்தாம் வகுப்புப் பரீட்சையும் வந்துவிடும்.

ஊருக்குச் சேவையும் செய்ய வேண்டும். நான் எதிர்வீட்டு அக்காவுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தேன். அ, ஆ என்று தொடங்கினேன். அக்கா என்னை நிறுத்தினார்.

"தம்பி, தருமபுரியிலிருந்து அம்மா கடிதம் போடுகிறாள். அடுத்தவரிடம் கொடுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு ரகசியம் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. எனக்குக் கடிதம் படிக்கச் சொல்லிக் கொடு" என்றார்.

அன்று முதல் பழைய கடிதங்களே எங்கள் பாடப் புத்தகம். சில மாதம் கழித்துப் புதுக் கடிதம் வந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து மெல்லப் படித்தார். மடித்து இடுப்பில் செருகிக் கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அது எங்கள் வீட்டு விஷயம் தம்பி" என்றார்!

பிறகு எனக்கு ராஷ்டிரபதி விருது கிடைத்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அக்கா வந்து, அதிலிருந்த என் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தார். அது தமிழில் இல்லை. இருவரும் சிரித்தோம்.

பத்து வயதானால் உங்கள் பிள்ளையும் சாரணர் ஆகலாம். பள்ளியில் சாரணர் படை இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

சாரணர்கள் முதலில் கற்கும் முடிச்சுகளில் ஒன்றை இப்போதே போட்டுப் பாருங்கள். இதற்கு ரீஃப் முடிச்சு என்று பெயர். ஒரு துண்டை எடுங்கள். வலது முனையை இடது முனைக்கு மேலே போட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இப்போது இடது கையில் இருக்கும் முனையை வலது முனைக்கு மேலே போட்டுச் சுற்றி இழுங்கள். முடிச்சு தட்டையாக இருக்கும். காயத்தின் மேல் உறுத்தாது. அவிழ்ப்பதும் சுலபம்.