யார் வீட்டுப் பையன் என்று கேட்காதே

நாமக்கல்,
ஐப்பசி மாதம்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. மலைமேல் செம்மேட்டில் நீ போட்ட கொட்டகை ஓடத் தொடங்கிவிட்டது, மிளகு, காபி, சாமை மூன்றும் சுத்தமாகிப் பொட்டலமாய்ப் போகிறது என்று உன் அம்மா சொன்னாள். ஆள் கிடைப்பதில்லை என்றும், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 முடிந்து வெளியே வருகிற பிள்ளைகளில் இரண்டு பேரைச் சேர்க்கலாமா என்று நீ யோசிப்பதாகவும் சொன்னாள். சேர்த்துக்கொள். ஆனால் எப்படிச் சேர்ப்பது என்று தெரிந்துகொண்டு சேர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இல்லத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன், சில மாதத்தில் வேலையை விட்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். தொழில் தெரியாமல் நின்றவர்கள் அவர்களில் குறைவு.

நம் ஊர்ப் பையன் ஒருவன் கீழே பட்டறையில் மேஸ்திரியோடு சண்டை போட்டால் என்ன செய்வான்? அன்று மாலையே அடிவாரத்துக் காரவள்ளி வந்து பஸ் ஏறுவான். எழுபது வளைவும் ஏறி வீடு சேர்ந்தால் அம்மா திட்டிக்கொண்டே சோறு போடுவாள். பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு வேறு வேலை தேடுவான். அவனுக்கு வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். இல்லத்தில் வளர்ந்தவனுக்கு வேலையோடு படுக்கிற இடமும் போகும், சாப்பாடும் போகும். கோபித்துக்கொண்டு போக ஒரு வீடு இல்லை. அந்தப் பயத்தில் சிலர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். சிலர் நீ துரத்துவதற்கு முன் தாங்களே போய்விடுவார்கள். முதல் தப்புக்கு நீ என்ன செய்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மூட்டை பொக்கு மிளகை நல்ல மிளகோடு கலந்துவிட்டால் கத்து, திருப்பிப் புடைக்கச் சொல். 'நாளையிலிருந்து வராதே' என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது.

சட்டம் இவர்களை அடியோடு கைவிடவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 46-வது பிரிவு இவர்களுக்கானது. 18 முடிந்து வெளியே வருபவருக்கு 21 வயது வரை பிற்காப்பு என்ற உதவி உண்டு. அவசியமென்றால் 23 வரை நீட்டலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் பார்ப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. உன் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் வருகிறதா, வேலையில் சேர்ந்த பிறகும் வருமா என்று அங்கே கேட்டுத் தெளிந்துகொள். ஆனால் ஒன்று: அரசு கொடுக்கிறதே என்று உன் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதே. அது அவனுக்கு வருகிற பணம், உனக்கு வருகிற சலுகை அல்ல.

உனக்கான சலுகை வேறு இடத்தில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆகவேண்டும். உன்னைப் போன்ற சின்ன இடங்கள், நான்கு பேர் இருந்தாலே, விரும்பினால் சேர்க்கலாம். 2016-இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. முடிவில் கையில் ஒரு சான்றிதழும் இருக்கும். வெறும் கூலியாளாக வைத்துக்கொள்வதைவிட இது அவனுக்கு நல்லது.

இங்கிலாந்தில் இதை இன்னும் ஒரு படி மேலே செய்கிறார்கள். காப்பகத்தில் வளர்ந்த இளைஞர் பழகுநராகச் சேர்ந்தால் அவருக்கே 2023 ஆகஸ்டு முதல் 3,000 பவுண்டு கிடைக்கிறது. ஜான் லூயிஸ் என்ற பெரிய அங்காடி நிறுவனம் இவர்களுக்கென்றே தனியாக ஒரு வேலைத்திட்டம் வைத்திருக்கிறது. நம் நாட்டில் பெரிய கம்பெனிகளுக்கு 2013 கம்பெனிச் சட்டத்தின்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கும் கடமை இருக்கிறது. இல்லத்துக்கு அரிசி மூட்டையும் தட்டும் டம்ளரும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதே கம்பெனியில் இரண்டு வேலையை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, உன் கொட்டகைக்கு வருகிறேன். என்னிடம் படித்த ஒருவனை ஒரு தொழிற்சாலையில் சேர்க்கக் கூடவே போயிருந்தேன். அரம் பிடித்தால் தளம் கண்ணாடி மாதிரி வரும், அப்படிக் கை. சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயர், நிரந்தர முகவரி, அவசரத்துக்கு யாரை அழைப்பது, வைப்பு நிதிக்கு வாரிசுதாரர் யார் என்று வரிசையாகக் கட்டங்கள். பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் அவசர எண் கட்டத்தில் இல்லத்து அலுவலக எண்ணை எழுதினான். அவனைக் கவனிக்கும் பொறுப்பு முந்தின மாதமே அந்த அலுவலகத்துக்கு முடிந்திருந்தது. குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் வாரிசுதாரராகப் போடலாம் என்று வைப்பு நிதி விதியே சொல்கிறது, அதைச் சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை. உன் படிவத்தை நீயே அவனோடு தனியாக உட்கார்ந்து நிரப்பிக் கொடு. அவசர எண்ணில் உன் எண்ணைப் போட்டுக்கொள்ளலாமா என்று அவனிடம் கேள்.

கூலியை மாதக் கடைசி என்று வைக்காதே. முதல் இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் கொடு. மாதச் சம்பளம் என்றால் கையில் காசு வர ஐந்து வாரம் ஆகும், அதுவரை அவன் யாரிடம் கேட்பான்? முன்பணம் கொடுத்தால் தாளில் எழுதி, 'கடன் தீரும்வரை போகக்கூடாது' என்ற பேச்சே இல்லாமல் கொடு. முன்பணத்தால் ஆளைக் கட்டிப்போடும் பழக்கம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது அதற்காகத்தான். கொட்டகையிலேயே படுத்துக்கொள், அப்படியே காவலும் பார்த்துக்கொள் என்பதும் வேண்டாம். பகலில் வேலை, இரவில் கூலியில்லாக் காவல் என்று ஆகிவிடும். வெளியே ஒரு அறை பார்த்து, வாடகை ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போடு. பெற்றோர் இல்லாத பையன் என்றால் வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், உன் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. பெண் பிள்ளை என்றால் தங்குமிடம் உறுதியான பிறகே சேர்.

ஆதாரில் இல்லத்து முகவரிதான் இருக்கும், அதை மாற்ற வேண்டும். நம் மலைப் பிள்ளையாக இருந்து பழங்குடிச் சான்று இல்லையென்றால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைச்சல் உண்டு. அந்த நாட்களுக்குக் கூலி பிடிக்காதே.

இன்னொன்று, இதை உன் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல். புதிதாக ஒருவன் வந்தால் நம் ஊரில் முதல் கேள்வி, 'எந்த ஊரு? யாரு வீட்டுப் பையன்?' சாதி தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்விதான் பாதி. இவனுக்கு அது இரண்டு மடங்கு வலிக்கும். எங்கே வளர்ந்தான் என்பதை அவனாகச் சொன்னால் சொல்லட்டும், நீ யாரிடமும் சொல்லாதே. பணம் குறைந்தால் முதலில் அவன் பையைத் துழாவுகிற புத்தி யாருக்காவது வந்தால், அங்கேயே நிறுத்து.

பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒரு ஆளை நியமி. புடைக்கிற பெண்களில் நிதானமான ஒருவருக்கு வாரம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து இந்தப் பொறுப்பைக் கொடு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் மலையில் சாமை அரவை இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் கொடுத்தபோது அவர்கள் ஒரே நாளிலா கற்றுக்கொண்டார்கள்? கூடவே இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. பொங்கலுக்குக் கொட்டகை மூடி எல்லோரும் வீட்டுக்குப் போகும் மூன்று நாளும் அவன் எங்கே சாப்பிடுவான் என்பதை முன்கூட்டியே யோசி. உன் வீட்டுக்குக் கூப்பிடு. வர மனமில்லை என்றால் வற்புறுத்தாதே, சாப்பாட்டுக்கு மட்டும் வழி செய்.

முதலில் இரண்டு பேர் போதும், ஒன்றாகவே சேர், ஒருவருக்கொருவர் பேச்சுத் துணை. தை, மாசியில் மிளகு வரத்து தொடங்கிவிட்டால் உனக்குத் தலை தூக்க நேரம் இருக்காது, அதனால் கார்த்திகைக்குள் சேர்த்துவிடு. பாதுகாப்பு அலகைப் பார்க்கக் கலெக்டர் அலுவலகத்துக்கு வருகிற அன்று உன் ஜி.எஸ்.டி. பதிவையும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் எடுத்துக்கொண்டு வா. நீ யார், என்ன தொழில், எங்கே தங்க வைப்பாய் என்று துருவிக் கேட்டால் கோபப்படாதே, பிள்ளையை ஒப்படைப்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். முதல் பஸ்ஸில் கிளம்பு, நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா