பாரிஸ் இரவும் சுருட்டிவைத்த கூரையும்

கேள்வி: பாரிஸில் பழைய காரில் இரவு நகரைச் சுற்றிக் காட்டுகிறார்களாமே. செலவுக்குத் தகுமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். பெரும்பாலும் கிடைப்பது சித்ரோயன் 2சிவி. 1948 பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1990 வரை தயாரான வண்டி. விவசாயிகளுக்காக உருவானது; கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பது வடிவமைப்பாளர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. ஷான்ஸ் எலிசே சாலையின் கல்பாவிய தளத்தில் போகும்போது அதன் அருமை புரியும்.

ஆனால் நான் இதைச் சிபாரிசு செய்வது அதன் கூரைக்காக. துணிக் கூரையைச் சுருட்டிப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். பன்னிரண்டு சாலைகள் கூடும் வெற்றி வளைவைச் சுற்றும்போது அண்ணாந்து அதன் சிற்பங்களைப் பார்க்கலாம். மூடிய டாக்சியில் அது நடக்காது. லூவ்ர் கண்ணாடிப் பிரமிடையும் தவறவிடாதீர்கள்.

நேரம் முக்கியம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். முன்பதிவு செய்யும்போது கவனியுங்கள். இருட்டிய பிறகு, ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐபெல் கோபுரத்தின் 20,000 பல்புகள் ஐந்து நிமிடம் மினுங்கும். அந்த வேளையில் சேன் நதிக்கரையில் இருக்கும்படி ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கோபுர விளக்குகள் விடிய விடிய எரிவதில்லை. வண்டியில் ஓட்டுநரைத் தவிர மூன்று பேருக்குத்தான் இடம். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.